தேதி போட்ட பணத்துக்கு டி-பில்: ஸ்டைபண்ட் கையில் இருக்கிறவங்களுக்கு ஒரு பாடம்

இன்டர்ன்ஷிப் முடிஞ்சு ஸ்டைபண்ட் வந்திருக்கும். சிலருக்கு ஸ்காலர்ஷிப், சிலருக்கு வீட்ல பெரியவங்க குடுத்து சேர்ந்த பணம். அந்தப் பணத்துல ஒரு பகுதிக்கு ஏற்கெனவே வேலை குறிச்சாச்சு: எட்டாவது செமஸ்டர் ஃபீஸ், ஹாஸ்டல் பாக்கி, கேட் தேர்வுக் கட்டணம், வேலையில சேர வேற ஊருக்குப் போனா ரூம் அட்வான்ஸ். செலவு என்னைக்கு வரும்னு நமக்குத் தெரியும். அதுவரைக்கும் பணத்தை எங்க வைக்கிறது?

கேன்டீன்ல இந்தக் கேள்வியைக் கேட்டா ரெண்டு பதில் கட்டாயம் வரும். ஒண்ணு, "சேவிங்ஸ்லயே கெடக்கட்டும் விடு." இன்னொண்ணு, "ஆப்ஷன்ஸ்ல போடு மச்சான், ரெண்டு வாரத்துல டபுள்." ரெண்டாவது பதிலைப் பத்தி ஒரு தகவல். 2024 செப்டம்பர்ல செபி ஒரு ஆய்வு வெளியிட்டது. 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டுகள்ல எஃப் அண்ட் ஓ வர்த்தகம் செஞ்ச தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். அவங்க எல்லாரும் சேர்ந்து இழந்தது 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. செமஸ்டர் ஃபீஸை எடுத்துட்டுப் போய் நிக்கிற இடமா அது?

மூணாவதா ஒரு பதில் இருக்கு. அதை நம்ம வயசுல யாரும் பெருசா பேசுறதில்லை, ஏன்னா அதுல கிக் கிடையாது. அதுதான் ட்ரெஷரி பில், சுருக்கமா டி-பில். அது என்ன, எப்படி வேலை செய்யுது, எப்போ வாங்கலாம், எப்போ வாங்கவே கூடாது. இதைத்தான் இந்தக் கட்டுரையில பாக்கப்போறோம்.

1. டி-பில் என்றால் என்ன?

மத்திய அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும்போது குடுக்கிற பத்திரம். நம்ம ஊர் பாடநூல்கள்ல "கருவூல உண்டியல்"னு இருக்கும், இலங்கையில "திறைசேரி உண்டியல்"னு சொல்வாங்க. உண்டியல்னதும் கோயில் உண்டியல் ஞாபகத்துக்கு வந்தா தப்பில்லை, ஆனா இது அந்த உண்டியல் கிடையாது. "இத்தனை நாள் கழிச்சு இந்தச் சீட்டைக் கொண்டு வர்றவருக்கு இவ்வளவு பணம் குடு"ன்னு வணிகர்கள் எழுதிக் குடுத்த சீட்டுக்கும் பழைய தமிழ் வியாபாரத்துல உண்டியல்னுதான் பேரு. டி-பில்லும் கிட்டத்தட்ட அதேதான். எழுதிக் குடுக்கிறது அரசாங்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரிட்டன்ல இது 1877ல வந்தது. யோசனை சொன்னவர் 'தி எகானமிஸ்ட்' பத்திரிகையின் ஆசிரியரா இருந்த வால்டர் பேஜட். இந்தியாவுல முதல்ல வெளியிட்டது 1917ல. இப்போ மூணு அளவுல கிடைக்குது: 91 நாள், 182 நாள், 364 நாள். மாநில அரசுகள் டி-பில் வெளியிடுறதில்லை.

ஏன் 90 இல்லாம 91? 7-ஆல வகுத்துப் பாருங்க. 13 வாரம், 26 வாரம், 52 வாரம். மூணுமே முழு வாரங்கள். வியாழக்கிழமை வாங்கின பில் வியாழக்கிழமைதான் முதிர்வடையும். உதாரணமா 2025 ஜூலை 10 வியாழன் அன்னைக்கு வாங்கின 91 நாள் பில் அக்டோபர் 9 வியாழன் முடியும். அதே நாள் வாங்கின 182 நாள் பில் 2026 ஜனவரி 8 வியாழன் முடியும். பணம் என்னைக்கு வரும்னு வாங்குற அன்னைக்கே காலண்டர்ல வட்டம் போட்டுடலாம்.

2. அரசாங்கத்துக்கே ஏன் கைமாத்து?

வரி எல்லா மாசமும் ஒரே அளவுல வராது. கம்பெனிகள் அட்வான்ஸ் டாக்ஸ் கட்டுற கெடு ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15. அந்தத் தேதிகளை ஒட்டி வரவு குவியும். ஆனா சம்பளம், பென்ஷன், மானியம் எல்லாம் மாசாமாசம் போய்க்கிட்டே இருக்கும். வரவு துடிப்புத் துடிப்பா வருது, செலவு சீரா ஓடுது.

ஈஈஈ, ஈசிஈ மக்களுக்கு இது சட்டுனு புரியும். ரெக்டிஃபயர்ல இருந்து வர்ற அலை மேடும் பள்ளமுமா இருக்கும், லோடுக்கு சீரான டிசி வேணும். நடுவுல என்ன போடுவோம்? கெப்பாசிட்டர். அரசாங்கத்தோட கஜானாவுல அந்தக் கெப்பாசிட்டர் வேலையைச் செய்றதுல டி-பில்லுக்குப் பெரிய பங்கு உண்டு. பள்ளத்துல கடன் வாங்கி, மேட்டுல அடைக்கிறாங்க.

முன்னாடி இதுக்கு வேற வழியும் இருந்தது. அரசுக்குப் பணம் குறைஞ்சா "அட் ஹாக்" டி-பில்களை நேரா ரிசர்வ் வங்கிக்கே குடுத்துப் பணம் வாங்கிக்கும். வட்டி நிலையா 4.6 சதவீதம். சந்தையில வட்டி என்னவா இருந்தாலும் அதே 4.6. அந்த முறை 1997ல நின்னுபோச்சு. இன்னைக்கு வட்டியை முடிவு பண்றது ஏலம்.

3. வட்டியே இல்லாத கடன் பத்திரம்

எஃப்டியில 10,000 போட்டா மேல வட்டி வரும். டி-பில்லுல வட்டின்னு தனியா எதுவும் வராது. குறைச்ச விலைக்கு வாங்குறோம், முதிர்வு அன்னைக்கு முழு முகமதிப்பும் வருது. வித்தியாசம்தான் லாபம்.

ஒரு 91 நாள் பில்லோட விலை 98.70னு வச்சுக்கலாம். இது 100 ரூபாய் முகமதிப்புக்கான விலை. குறைஞ்சபட்சம் 10,000 ரூபாய் முகமதிப்புக்கு வாங்கணும், அதுக்கு மேல 10,000 மடங்குகள்ல. அப்போ இன்னைக்கு நீங்க குடுக்கிறது 9,870. 91 நாள் கழிச்சு கைக்கு வர்றது 10,000. லாபம் 130.

இதை ஆண்டு சதவீதமா மாத்தணும். சூத்திரம் இதுதான்:

ஈட்டு விகிதம் = (100 − விலை) ÷ விலை × (365 ÷ நாட்கள்) × 100

1.30 ÷ 98.70 × 365 ÷ 91 × 100 = 5.28 சதவீதம்.

இதுல ரெண்டு இடத்துல கவனம் வேணும். முதல்ல, வகுக்க வேண்டியது 98.70-ஆல. நீங்க போட்ட முதல் அதுதான், 100 கிடையாது. ரெண்டாவது, இந்தியாவுல வருஷத்துக்கு 365 நாள் கணக்கு. அமெரிக்க டி-பில் பத்தின வீடியோக்கள்ல டிஸ்கவுண்ட் ரேட்டை 360 நாள் வச்சு, முகமதிப்பால வகுத்துப் போடுவாங்க. அந்தச் சூத்திரத்தை இங்க கொண்டு வந்தா விடை தப்பாகும்.

மத்த ரெண்டு அளவுக்கும் மாதிரிக் கணக்கு. 182 நாள் பில் 97.35 விலைக்குக் கிடைச்சா 5.46 சதவீதம். 364 நாள் பில் 94.80 விலைக்குக் கிடைச்சா 5.50 சதவீதம். இதெல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்ட விலைகள். நிஜ விலை வாராவாரம் மாறும். பொதுவா ரெப்போ வட்டி எங்க போகுதோ அந்தப் பக்கமே டி-பில்லும் போகும். ரெப்போ 2020 மே மாசம் 4 சதவீதமா இருந்தது, 2023 பிப்ரவரியில 6.5க்கு ஏறிச்சு, 2025ல படிப்படியா இறங்கி டிசம்பர்ல 5.25க்கு வந்தது. அதனால உங்க சீனியர் 2023ல வாங்கின ரேட் உங்களுக்கும் கிடைக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

4. ஏலத்துல நமக்கு என்ன வேலை?

வழக்கமா ஒவ்வொரு புதன்கிழமையும் ரிசர்வ் வங்கி அரசு சார்பா ஏலம் நடத்துது. அடுத்த நாள் பில் கைக்கு வருது. வங்கி, மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் கம்பெனி எல்லாம் "இந்த விலைக்கு இவ்வளவு வேணும்"னு கேப்பாங்க. அதிக விலை குடுக்கத் தயாரா இருக்கிறவங்களுக்கு முதல்ல ஒதுக்குவாங்க.

ஒரு சின்ன மாதிரி போட்டுப் பார்ப்போம். அரசுக்கு 100 கோடி வேணும். முதல் வங்கி 98.72 விலையில 40 கோடிக்குக் கேக்குது. ரெண்டாவது 98.70ல 30 கோடி. மூணாவது 98.68ல 50 கோடி. முதல் ரெண்டு பேருக்கும் கேட்டது முழுசா கிடைக்கும். மூணாவது வங்கிக்கு மிச்சம் இருக்கிற 30 கோடிதான். ஜெயிச்சவங்க விலைகளோட எடையிட்ட சராசரி:

(40 × 98.72 + 30 × 98.70 + 30 × 98.68) ÷ 100 = 98.702

நாம இந்தப் போட்டியில கலந்துக்கிறதே இல்லை. நம்மளை மாதிரி சின்ன ஆளுங்க "போட்டியில்லா ஏலதாரர்". விலை எதுவும் சொல்ல வேண்டாம், எவ்வளவு வேணும்னு மட்டும் சொன்னா போதும். மேல வந்த அந்த எடையிட்ட சராசரி விலைக்கே நமக்கும் குடுப்பாங்க. அதாவது 10,000 முகமதிப்புக்கு 9,870 ரூபாய் 20 பைசா. பெரிய வங்கிகளோட ட்ரெஷரி டீம் உக்காந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்ச விலை, நமக்கு ஓசியில.

இன்னொரு விஷயம். வங்கிகள் தங்களோட டெபாசிட்டுகள்ல 18 சதவீதம் அளவுக்கு அரசுப் பத்திரம் மாதிரியான பாதுகாப்பான சொத்துகளா வச்சிருக்கணும்னு விதி இருக்கு. எஸ்எல்ஆர்னு பேரு. அதுல டி-பில்லும் சேரும். அதனால உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட் பணத்துல ஒரு பங்கு ஏற்கெனவே அரசுக்குத்தான் கடனாப் போயிருக்கு. நடுவுல வங்கி இருக்கு, அவ்வளவுதான்.

5. வாங்குற வழி

முன்னாடி இது பெரிய நிறுவனங்களோட விளையாட்டு. 2021 நவம்பர் 12 அன்னைக்கு ஆர்பிஐ ரீடெய்ல் டைரக்ட் திட்டம் தொடங்கின பிறகு தனிநபர்கள் நேரா ரிசர்வ் வங்கியிலேயே கணக்கு வச்சுக்கலாம். 2024 மே மாசம் மொபைல் ஆப்பும் வந்திடுச்சு. படிப்படியா:

அ) தேவையானவை: பான் கார்டு, உங்க பேர்ல சேவிங்ஸ் அக்கவுண்ட், ஆதார் மாதிரியான அடையாள ஆவணம், மொபைல் நம்பர், மெயில் ஐடி. எல்லாத்துலயும் பேர் ஒரே மாதிரி இருக்கான்னு முதல்ல பாருங்க. நம்ம ஊர்ல இனிஷியல் முன்னாடி ஒண்ணுல, பின்னாடி ஒண்ணுல, விரிச்சு எழுதினது இன்னொண்ணுல இருக்கும். கேஒய்சி மாட்டுறது பெரும்பாலும் அங்கதான்.

ஆ) ரிஜிஸ்டர் பண்ணி, கேஒய்சி முடிச்சு, நாமினி பேரையும் சேருங்க. கணக்கு தொடங்கவும் வச்சிருக்கவும் கட்டணம் கிடையாது. ஏலத்துல பங்கெடுக்கவும் கமிஷன் கிடையாது.

இ) கணக்கு ஆக்டிவ் ஆனதும் நடப்பு ஏலங்கள் பட்டியல்ல டி-பில்லைத் தேர்ந்தெடுத்து எத்தனை ஆயிரத்துக்குன்னு குடுங்க. புதன்கிழமை காலை வரைக்கும் இழுக்காம செவ்வாய்க்குள்ள முடிச்சிடுறது நல்லது.

ஈ) யுபிஐ அல்லது நெட் பேங்கிங்ல பணம் கட்டுங்க. ஏலம் முடியறதுக்கு முன்னாடி சரியான விலை தெரியாதுன்றதால கொஞ்சம் கூடுதலா பிடிச்சிருப்பாங்க. விலை முடிவானதும் மிச்சம் அக்கவுண்டுக்குத் திரும்பும். கேட்வே கட்டணம் ஏதாவது வருதான்னு மட்டும் கட்டுறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க.

உ) முதிர்வு அன்னைக்கு முழுத்தொகையும் தானா உங்க வங்கிக் கணக்குக்கு வரும். நீங்க எதுவும் செய்ய வேண்டாம். திரும்பத் திரும்ப டி-பில்லுலயே போடணும்னா தானியங்கி ஏல வசதி வரும்னு 2025 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கி அறிவிச்சது. ஃபீஸ் பணத்துக்கு அதை ஆன் பண்ணாதீங்க. ஃபீஸ் கட்டுற அன்னைக்குப் பணம் இன்னொரு 91 நாளுக்குப் போய் உக்காந்திருக்கும்.

டிமேட் கணக்கு இருக்கிறவங்க சில புரோக்கர் ஆப்கள் வழியாவும் வாங்கலாம், கட்டணம் என்னன்னு கேட்டுக்கிட்டா போதும். ஒரு எச்சரிக்கை: ரிசர்வ் வங்கி யாருக்கும் போன் பண்ணி டி-பில் விக்காது. டெலிகிராம்ல லிங்க் அனுப்பாது.

6. செய்முறை: 60,000 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

கவிதான்னு ஒரு ஃபைனல் இயர் மாணவி இருக்காங்கன்னு வச்சுக்கலாம். ஜூலை முதல் வாரத்துல கையில 60,000 ரூபாய். அக்டோபர் நடுவுல 10,000 ரூபாய் செலவு ஒண்ணு. ஜனவரி நடுவுல செமஸ்டர் ஃபீஸ் 20,000. எஜுகேஷன் லோன் வட்டி 10 சதவீதத்துல ஓடிக்கிட்டு இருக்கு.

முதல் 15,000 சேவிங்ஸ்லயே இருக்கட்டும். காய்ச்சல், போன் உடையறது, திடீர்னு ஊருக்குப் போறது. தேதி தெரியாத செலவுக்குத் தேதி போட்ட பத்திரம் ஒத்துவராது.

அடுத்து 10,000 முகமதிப்புக்கு 91 நாள் பில். ஜூலை 10ல 9,870 போகுது, அக்டோபர் 9ல 10,000 வருது.

அதுக்கு அடுத்து 20,000 முகமதிப்புக்கு 182 நாள் பில். 97.35 விலையில 19,470 போகுது, ஜனவரி 8ல 20,000 வருது. லாபம் 530. இதே 19,470 ரூபாய் 2.5 சதவீத சேவிங்ஸ் வட்டியில இருந்திருந்தா 243 ரூபாய் வந்திருக்கும். 2025ல பெரிய வங்கிகள் பலதுல சேவிங்ஸ் வட்டி இந்த 2.5 அளவுக்குத்தான் இறங்கியிருந்தது.

ஆக, இந்த ரெண்டாவது பில்லால கூடுதலாக் கிடைச்சது சுமார் 287 ரூபாய். முதல் பில்லுல 130 வந்தது. அங்க சேவிங்ஸ்னா 61 ரூபாய். கூடுதல் சுமார் 69. ரெண்டும் சேர்த்தா 356 ரூபாய். சிரிப்பு வருதா? சிரிங்க, பரவாயில்லை. டி-பில் யாரையும் பணக்காரர் ஆக்காது. 356 ரூபாயைவிட முக்கியமான விஷயம் வேற ஒண்ணு. ஃபீஸ் பணம் ஜனவரி 8 வரைக்கும் கைக்கு எட்டாத இடத்துல இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு யாராவது "இன்னைக்கு எக்ஸ்பைரி, செம சான்ஸ்"னு மெசேஜ் போட்டாலும் அந்தப் பணத்தை எடுத்துட்டு ஓட முடியாது. தேதி போட்ட செலவுக்குத் தேதி போட்ட பத்திரம். டி-பில் நமக்குத் தர்ற உண்மையான பயன் இதுதான்.

மிச்சம் இருக்கிற 15,000 சுமார் (சரியாச் சொன்னா 15,660). அதை என்ன பண்றது? இதுக்குத்தான் அடுத்த பகுதி.

7. எப்போ வாங்கக் கூடாது?

கடன் இருந்தா முதல்ல கடனைப் பாருங்க. 15,000 ரூபாயை 10 சதவீத எஜுகேஷன் லோனுக்குக் கட்டினா ஒரு வருஷத்துல சுமார் 1,500 ரூபாய் வட்டி மிச்சம். அதே பணத்தை 5.5 சதவீத டி-பில்லுல வச்சா சுமார் 825 ரூபாய் வரும். வட்டியை மிச்சம் பண்றதும் வருமானம்தான், அதுவும் ரிஸ்க் துளியும் இல்லாத 10 சதவீத வருமானம். படிக்கும்போது லோன் கட்ட வேண்டாம்னு நிறைய பேர் மறந்தே போயிடுறோம். ஆனா மொரட்டோரியம் காலத்துலயும் வட்டி ஏறிக்கிட்டுத்தான் இருக்கும். அது பின்னாடி அசலோட சேர்ந்து, இஎம்ஐ தொடங்குற அன்னைக்கு மூட்டையா வந்து நிக்கும்.

இதுல ஒரு விதிவிலக்கு உண்டு. பெற்றோரோட ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள்ள இருந்து, மத்திய அரசோட வட்டி மானியத் திட்டத்துல உங்க லோன் வந்திருந்தா, மொரட்டோரியம் கால வட்டியை அரசே கட்டும். அப்போ அவசரப்பட்டுக் கட்ட வேண்டியதில்லை. உங்க லோன் அதுல வருதான்னு பேங்க்ல போய்க் கேளுங்க. இந்த ஒரு கேள்வி இந்தக் கட்டுரையில இருக்கிற எல்லாக் கணக்கையும்விட உங்களுக்கு அதிகம் மிச்சம் பண்ணிக் குடுக்கலாம். அதே மாதிரி வீட்ல அம்மா நகை அடகுல இருந்தா அந்த வட்டியையும் டி-பில் ரேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. முடிவு தானா தெரியும்.

ஒரு வருஷத்துக்கு மேல வேண்டாத பணம்னா எஃப்டியோட ஒப்பிடுங்க. 6.25 சதவீத எஃப்டி காலாண்டுக் கூட்டுவட்டியில வருஷத்துக்கு 6.40 சதவீதமா ஆகும். 5.28 சதவீத 91 நாள் பில்லை அதே விலையில நாலு தடவை தொடர்ந்து வாங்கினா 5.37தான். சில நேரம் எஃப்டி ஜெயிக்கும், சில நேரம், குறிப்பா குறுகிய காலத்துக்கு, டி-பில் ஜெயிக்கும். எஃப்டியில ஒரு வங்கியில ஒருத்தருக்கு 5 லட்சம் வரைக்கும் டெபாசிட் காப்பீடு இருக்கு. நம்ம பணம் எல்லாமே அந்த வரம்புக்குள்ளதான் இருக்கும். அதனால பாதுகாப்புன்னு சொல்லி எஃப்டியை ஒதுக்கத் தேவையில்லை. ரேட்டையும் நடுவுல உடைச்சா பிடிக்கிற அபராதத்தையும் பாத்தா போதும்.

10,000கூட சேரலையா? லிக்விட் ஃபண்ட் இருக்கு. அந்த ஃபண்டுகள் 91 நாளுக்குள்ள முதிர்வடையிற டி-பில் மாதிரியான பத்திரங்கள்லதான் போடும். சில நூறு ரூபாயில தொடங்கலாம். ஆனா முதல் ஒரு வாரத்துக்குள்ள எடுத்தா சின்ன எக்ஸிட் லோட் உண்டு. அதுல டி-பில் தவிர கம்பெனி, வங்கிப் பத்திரங்களும் கலந்திருக்கும்.

8. ரிஸ்க் ஜீரோவா?

"அரசாங்கம் காசு குடுக்காம போயிடுமா?"ன்னு ஒரு கேள்வி வரும். ரூபாயில வாங்கின கடனை ரூபாயில திருப்பிக் குடுக்கிறது இந்திய அரசோட நேரடிக் கடமை, அதனாலதான் இதை ரிஸ்க் இல்லாத ரேட்னு பாடப்புத்தகம் சொல்லுது. ஆனா உலகத்துல நடக்காத விஷயம் இல்லை. 1998 ஆகஸ்ட்ல ரஷ்யா, தன்னோட சொந்த ரூபிள்ல வெளியிட்டிருந்த ஜிகேஓன்ற குறுகிய காலப் பத்திரங்களுக்கே பணம் குடுக்கிறதை நிறுத்திச்சு.

பக்கத்துல இலங்கையைப் பாருங்க. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியலைன்னு அறிவிச்சாங்க. 2023ல உள்நாட்டுக் கடனை மறுசீரமைச்சப்போ, மக்கள் கையில இருந்த திறைசேரி உண்டியல்களைத் தொடவே இல்லை. போட்டவங்களுக்கு முழுப்பணமும் வந்தது. 2022 கடைசியில அந்த உண்டியல்கள்ல 30 சதவீதத்துக்கு மேல ஈட்டு விகிதம் இருந்தது. கேக்க ஆசையா இருக்குல்ல? ஆனா 2022 செப்டம்பர்ல கொழும்பு விலைவாசி ஒரு வருஷத்துக்கு முன்னாடி இருந்ததைவிட கிட்டத்தட்ட 70 சதவீதம் ஏறியிருந்தது. வாக்குக் குடுத்த ரூபாய் வந்தது, அந்த ரூபாய்க்கு வாங்க முடிஞ்ச அரிசியும் பருப்பும் குறைஞ்சுபோச்சு.

நமக்கும் இது பொருந்தும். ரிசர்வ் வங்கியோட பணவீக்க இலக்கு 4 சதவீதம். விலைவாசி அந்த அளவுல ஏறினா, 5.28 சதவீத பில்லோட நிஜ லாபம் ஒண்ணேகால் சதவீதம் சொச்சம்தான். அதனால 30 வருஷம் கழிச்சுத் தேவைப்படுற பணத்துக்கு இது இடம் கிடையாது.

இன்னொரு ரிஸ்க், நடுவுல பணம் தேவைப்படுறது. டி-பில்லை உடைக்க முடியாது, வேற ஒருத்தருக்கு விக்கத்தான் முடியும். 364 நாள் பில்லை 94.80க்கு வாங்கி, 182 நாள்ல விக்க வேண்டி வந்தா? அந்த நேரத்துல சந்தை வட்டி 6.5 சதவீதமா ஏறியிருந்தா விலை:

100 ÷ (1 + 0.065 × 182 ÷ 365) = 96.86

உங்க லாபம் 2.06. ஆண்டுக் கணக்குல 4.36 சதவீதம். 5.50 எதிர்பார்த்தீங்க, கிடைச்சது இது. அதுவும் சின்ன அளவுல வாங்குறதுக்கு ஆள் கிடைச்சா. ரீடெய்ல் டைரக்ட்ல விக்கிற வசதி இருந்தாலும் சின்ன லாட்டுக்கு உடனே ஆள் வரும்னு நம்பி உக்காராதீங்க. வாங்கினா முதிர்வு வரைக்கும் வச்சிருக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டு வாங்குங்க.

வரி: லாபம் உங்க வருமானத்தோட சேர்ந்து ஸ்லாப்படி கணக்காகும். டிடிஎஸ் பிடிக்க மாட்டாங்க. வருமானம் வரி வரம்புக்குக் கீழ இருக்கிற மாணவருக்குக் கட்ட எதுவும் வராது. ஆனா அடுத்த வருஷம் வேலைக்குப் போய் ரிட்டர்ன் தாக்கல் பண்ணும்போது இதைச் சேர்க்க மறக்காதீங்க.

9. வாங்காதவங்களுக்கும் ஒரு பயன்

ஒரு டி-பில்கூட வாங்கலைன்னாலும், வாரம் ஒரு தடவை அந்த ரேட்டைப் பாத்து வைங்க. அது ஒரு அளவுகோல். நாட்டுலயே பாதுகாப்பான இடத்துல 91 நாளுக்கு என்ன கிடைக்குதோ அதுதான் அடிக்கோடு. அதுக்கு மேல யார் எவ்வளவு தர்றேன்னு சொன்னாலும், அந்தக் கூடுதலுக்கு ஈடா நீங்க ஒரு ரிஸ்க்கைத் தூக்குறீங்க. அது என்ன ரிஸ்க்னு அவங்களையே கேளுங்க.

"மாசம் 10 சதவீதம் கேரண்டி"ன்னு ஊர்ல யாராவது அப்பாகிட்ட பேசினா, வருஷத்துக்கு 120 சதவீதம்னு கணக்குப் போட்டு, டி-பில்லோட 5 சொச்சத்தைப் பக்கத்துல எழுதிக் காட்டுங்க. அரசாங்கமே அஞ்சரைக்குக் கடன் வாங்குற ஊர்ல, இவர் மட்டும் நூத்தி இருபது குடுத்து நம்மகிட்ட ஏன் வாங்கணும்? இந்த ஒரு கேள்விக்கு நேரான பதில் வரலைன்னா, அங்கிருந்து எழுந்து வந்துடலாம்.

வீட்டுப்பாடம்

1. 182 நாள் பில் ஒண்ணு 97.20 விலைக்குக் கிடைக்குது. ஈட்டு விகிதம் என்ன? (விடை: 5.78 சதவீதம்)

2. உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட் வட்டி, எஜுகேஷன் லோன் வட்டி, இந்த வாரத்து 91 நாள் டி-பில் ஈட்டு விகிதம். மூணையும் ஒரே தாள்ல எழுதுங்க.

3. அடுத்த ஆறு மாசத்துல வரப்போற செலவுகளைத் தேதியோட பட்டியல் போடுங்க. ஒவ்வொரு செலவுக்கும் முன்னாடி வர்ற வியாழக்கிழமையைக் குறிச்சு, அதுல இருந்து 13 வாரம், 26 வாரம் பின்னாடி எண்ணுங்க. நீங்க வாங்க வேண்டிய வாரம் அதுதான். அந்த வாரம் ஏற்கெனவே தாண்டியிருந்தா, இந்தத் தடவை அந்தச் செலவுக்கு சேவிங்ஸே போதும்.

மூணாவது கணக்கை மட்டும் இன்னைக்கே போட்டுப் பாருங்க. டி-பில் வாங்குறீங்களோ இல்லையோ, கையில இருக்கிற பணத்துல எது உங்களுது, எது ஏற்கெனவே காலேஜ் ஆபீஸுக்கும் ஹாஸ்டலுக்கும் சொந்தம்னு அந்தப் பட்டியல் சொல்லிடும்.